மூச்சு வாங்கிய குலவை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி கடைசி வாரத்தில் நடந்தது இது. கோச்சடையிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் என் தம்பியும் தொண்டிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்கு மீன் பிடிக்கப் போனோம். வாங்க இல்லை, பிடிக்க. அடைமழைக் காலத்தில் காருக்குள் தூண்டிலைக் குறுக்கே போட்டுக்கொண்டு சுற்றுலா கிளம்பிய குடும்பம் அந்த வருஷம் மதுரையில் நாங்கள் மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் மழையில் போனீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. கார்த்திகை பிறந்தால் என் வீட்டுக்காரர் மாலை போட்டுவிடுவார். மலைக்குப் போய்த் திரும்பி வரும்வரை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. தை பிறந்தால் முகூர்த்தம் வந்துவிடும். நான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள், மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. தீபாவளிக்கு முன்னால் கேட்கவே வேண்டாம். ஆக, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னச் சந்துதான் எங்களுக்கு வாய்த்தது. அந்தச் சந்தில்தான் மழையும் வந்தது.

என் வீட்டுக்காரருக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி. ஏலம் விடுவது அவர்தான். அவர் தக்காளிக்கு விலை கூப்பிட்டால் திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்காரன் பிரேக் போடுவான் என்று கேலி பேசுவார்கள். அந்தக் குரலில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்த மீன் பிடிக்கிற பைத்தியம் எப்படியோ அவருக்குப் பிடித்துக்கொண்டது. ராடு, ரீல், கலர் கலராக ரப்பர் மீன் எல்லாம் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கீழக்குயில்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் என் தம்பியோடு போய் உட்கார்ந்துவிடுவார். என் பிறந்த வீடு அங்கேதான். அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டைதான். வீடியோவில் வருகிற மாதிரி ஒரு கொடுவா மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வைகைக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஆற்றில் கிரிக்கெட்தான் விளையாட முடிந்தது. எனக்கும் தம்பிக்கும் கிணற்றில் பழகிய நீச்சல் உண்டு.

இன்னொன்று. எங்கள் ஊரில் முளைப்பாரி எடுக்கும்போது குலவை போடுகிற பெண்களில் நான் முன்வரிசை. அப்படி ஒரு சத்தம் எனக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் மகளுக்கு ஏசி மண்டபத்தில் சடங்கு வைத்தார்கள். நான் வழக்கம்போலக் குலவை போட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "இது மண்டபம்டி, கோயில் இல்ல. மெதுவாப் போடு" என்று காதில் சொன்னார். குலவையை மெதுவாகப் போடச் சொல்வது ஏலத்தை ரகசியமாக விடச் சொல்வது மாதிரி. அதை நான் அப்போது சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் வீட்டு விசேஷத்தில் குலவை போடுவதை விட்டுவிட்டேன்.

மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அந்தக் கிராமத்தில் ஓர் அக்கா தன் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். தெருவெல்லாம் சேறாக இருந்ததால் காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனோம். அந்த அக்காவுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "மழையில என்னத்தப் பிடிக்கப் போறீக? எங்காளுகளே கடலுக்குப் போகாம வீட்டுல சீட்டாடுறாக" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு. ஆற்றின் இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு. பேப்பரில் அலையாத்திக் காடு என்று போடுவார்களே, அதுதான். மரத்தைச் சுற்றிலும் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக வேர்கள் மேலே பார்த்து நிற்கும். முதல் நாள் முழுக்க மழை. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார், நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கும். ஒன்றும் மாட்டவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் மழை வெறித்தது. அந்த அக்காவே வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஒரு திட்டைக் காட்டினார். அங்கே நின்று போட்டால் கொடுவா கிடைக்கும், இப்போது தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும், நடந்தே போகலாம் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"இன்னைக்குப் பௌர்ணமி. வாடைக் காத்து வேற அடிக்கிது. வெள்ளம் பெருசா வரும். வெள்ளத்துக்கு முன்ன கரையேறிருங்க, என்ன?"

மூன்று பேரும் தலையை ஆட்டினோம். ஆனால் மதுரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் ஒரே அர்த்தம்தான். மேற்கே மலையில் மழை பெய்ய வேண்டும். அணை நிரம்ப வேண்டும். திறக்கப் போகிறோம் என்று டிவியில் சொல்வார்கள், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கரையோரத் தெருக்களுக்கு வருவார்கள். தண்ணீர் வந்து சேர்வதற்குள் பாதி ஊர் பாலத்தில் போய் வேடிக்கை பார்க்க நின்றுகொண்டிருக்கும். தம்பி மொபைலை எடுத்துப் பார்த்தான். மேற்கே மழை இல்லை. இந்த ஆற்றுக்கு அணையும் இல்லை.

"பௌர்ணமிக்கும் வெள்ளத்துக்கும் என்னா மாப்ள சம்மந்தம்? பஞ்சாங்கம் பாத்தா அணையத் தொறக்குறாய்ங்க?" என்றார் என் வீட்டுக்காரர். தம்பி சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

திட்டுக்கு நடந்து போனோம். முழங்கால் அளவு தண்ணீர், அடியில் வழுக்குகிற சேறு. திட்டில் ஏறி, குச்சி வேர்களை மிதிக்காமல் ஓர் இடம் பார்த்து நின்றோம். இறால் துண்டைக் கோத்துத் தூண்டிலைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே தம்பிக்கு இரண்டு மடவை மாட்டியது. எனக்கு ஒரு கெளுத்தி. அப்புறம் அவருடைய ராடு வளைந்தது பாருங்கள்! கொடுவாதான். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். அவர் அதைத் தூக்கிப் பிடித்து நிற்க, தம்பி போட்டோ எடுக்க, நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இப்படி ஒரு சிரிப்பு கிடையாது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். சூதாடுகிறவனும் மீன் பிடிக்கிறவனும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது சும்மா இல்லை.

மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. காற்றும் கூடியது. மீன் போட்டு வைத்திருந்த வாளி மெல்ல நகர்ந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். தரையில் வைத்த வாளி எப்படி நகரும்? குனிந்து பார்த்தால் அடியில் தண்ணீர். உடனே மூன்று பேரும் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்குப் பழக்கம் அது, தண்ணீர் மேற்கிலிருந்துதான் வரும். மேற்கே ஒன்றும் இல்லை. அப்போது ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எங்களைத் தாண்டி மிதந்து போனது. கடல் பக்கமிருந்து ஊர்ப் பக்கமாக.

"மச்சான், ஆறு ரிவர்ஸ்ல போகுது" என்றான் தம்பி.

அந்த அக்கா சொன்ன வெள்ளம் அதுதான். கடல் ஏறுவதைத்தான் அங்கே வெள்ளம் என்கிறார்கள். தினமும் வருவது, பௌர்ணமிக்குப் பெரிதாக வருவது, வாடைக் காற்று சேர்ந்தால் இன்னும் பெரிதாக வருவது. மைக் கட்டிச் சொல்ல ஆள் வராது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், நாங்கள் நடந்து வந்த வழி காணாமல் போய்விட்டது என்பதுதான்.

ஓடிப்போய் இறங்கினோம். வரும்போது முழங்கால் நனைந்த இடத்தில் எனக்கு மார்பளவுக்குத் தண்ணீர் நின்றது. இழுப்பு வேறு. நாலு எட்டு வைத்ததும் அவருடைய கால் சேற்றில் புதைந்தது. உருவ முடியாமல் சாய்ந்தார், தலை ஒரு தடவை உள்ளே போய் வந்தது. நானும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் திட்டுக்கே இழுத்து வந்தோம். தம்பி, தான் மட்டும் நீந்திப் போய் ஆளைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் பாய்ந்தான். தண்ணீர் அவனை அடித்துக்கொண்டு போய் மரங்களுக்குள் தள்ளியது. வேர்களைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே கிழிந்து ரத்தம் ஓடியது. மொபைல் அவன் பையிலேயே குளித்துச் செத்துவிட்டது. என்னுடையதும் அவருடையதும் அறையில் சார்ஜில் இருந்தன.

திட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. குச்சி வேர்கள் ஒவ்வொன்றாக முங்கின. நாங்கள் இருக்கிறதில் பெரிய மரத்தை அண்டிக்கொண்டு நின்றோம். பெரிய மரம் என்றால் என் தொடை அளவுக்கு ஒன்று. அவர் கரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். பரவை மார்க்கெட்டே அடங்குகிற குரல். காற்று கரைப் பக்கமிருந்து எங்கள் முகத்தில் அடித்தது. அவர் கத்தியதை எங்களிடமே திருப்பிக் கொடுத்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. கரை ஒன்றும் கண்காணாத தூரம் இல்லை. மழை இல்லாவிட்டால் அந்த அக்கா வீட்டுக் கூரை தெரியும். மழையில் எதுவும் தெரியவில்லை. பொழுதும் மங்கிக்கொண்டு வந்தது.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது அவர் என் கையைப் பிடித்தார்.

"நீயும் தம்பியும் மரத்தப் பிடிச்சுப் பிடிச்சு நீந்திப் போயிருங்க. பாப்பாவுக்கு ஒருத்தராச்சும் வேணும்ல."

அதை அவர் கத்திச் சொல்லவில்லை, கட்டிப்போன தொண்டையில் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். "வாய மூடுங்க. போனா மூணு பேரும் போவோம், இல்லாட்டி இங்கினயே நிப்போம்" என்றேன். அம்மா வீட்டில் என் மகள் சாயங்காலம் பால் குடிக்க அடம் பிடிப்பாளே என்று ஏனோ நினைத்தேன். சாகப்போகிற நேரத்தில் பெரிய பெரிய நினைப்பெல்லாம் வரும் என்று சொல்வார்கள். எனக்குப் பால் டம்ளர்தான் வந்தது.

அப்போதுதான் குலவை ஞாபகம் வந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். முளைப்பாரி ஊர்வலத்தில் கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். அதையும் மீறி அடுத்த தெருவுக்குக் குலவை கேட்கும். அது மட்டும் தெரியும். வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குலவைக்கு வாயில் ஈரம் வேண்டும். சுற்றிலும் தண்ணீர், என் வாய் மட்டும் காய்ந்து கிடந்தது. முகத்தை அண்ணாந்து மழையை வாயில் வாங்கி விழுங்கினேன். மறுபடியும் போட்டேன்.

வந்தது. நீளமாக வந்தது. தம்பி திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். மூச்சு வாங்கி இன்னொன்று போட்டேன். காற்று கொஞ்சம் தணிகிற நேரம் பார்த்து இன்னொன்று. நெஞ்சு வலித்தது. குளிரில் தாடை ஆடியது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும். என் வீட்டுக்காரர் ஒரு கையால் மரத்தையும் இன்னொரு கையால் என் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, "போடு, போடு" என்று சத்தமே வராத தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எத்தனை போட்டேன் என்று தெரியாது. இனி முடியாது என்று நினைத்தபோது மழைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குலவை வந்தது.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. சாமி வந்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. நான் பதிலுக்குப் போட்டேன். அங்கிருந்து பதில் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் இடது பக்கமாக. நான் போட, அந்தப் பக்கம் போட, ஒவ்வொரு தடவையும் சத்தம் கிட்டே வந்தது. கடைசியில் மரங்களுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடிக்கொண்டு தெரிந்தது. சின்னப் படகு. பின்னால் அந்த அக்காவின் கொழுந்தனார் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு நின்றார். முன்னால் உட்கார்ந்து குலவை போட்டுக்கொண்டு வந்தவர் அந்த அக்கா.

எங்களைப் பார்த்ததும் குலவை அப்படியே வசவாக மாறியது. "வெள்ளம் வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? காதுல என்ன பஞ்சா?" என்று திட்டிக்கொண்டே முதலில் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டார். அவர் படகின் அடியில் படுத்தவர், கரை வரும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அந்த அக்கா எனக்குத் தன் சேலையைக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரருடைய கைலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி. தம்பியின் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். அப்புறம்தான் பேச்சு வந்தது. மேற்கே மழை இல்லையே, அதனால்தான் வெள்ளம் வராது என்று நினைத்தோம் என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட கூறுகெட்டவளே" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளம் என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. வெள்ளம் என்று சொன்ன பிறகு யார் அங்கே நிற்பார்கள், கரையேறி டவுனுக்குச் சாப்பிடப் போயிருப்பார்கள் என்றே நினைத்திருக்கிறார். கார் மெயின் ரோட்டில் நின்றதால் அது அங்கேயே இருப்பதும் தெரியவில்லை.

நான் கேட்டேன், எங்கள் சத்தம்தான் என்று எப்படித் தெரிந்தது என்று.

தெரியாது என்றார். மழைக்குள்ளே, பொழுது சாய்கிற நேரத்தில், ஆளில்லாத காட்டிலிருந்து குலவைச் சத்தம். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் பயந்துபோய்விட்டார்கள். காத்து கருப்பு, கதவைச் சாத்து என்று அவரை உள்ளே இழுத்திருக்கிறார்கள். அவருக்கும் பயம்தான். கதவைச் சாத்தக் கையை வைத்தவர் அப்படியே நின்று கேட்டிருக்கிறார்.

"பேய் குலவை போட்டா எதுக்கு மூச்சு வாங்கணும்? இது நடுவுல நடுவுல நின்னு மூச்சு வாங்குச்சு. ஏதோ ஒரு பொம்பளதேன்னு படகை அவுக்கச் சொல்லிட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார், காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டே. அதுவரை அழாத நான் அப்போதுதான் அழுதேன். அவர் சேலையிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டேன் என்று இப்போதும் போனில் கேலி செய்வார்.

கொடுவா போனது, ராடு போனது, போட்டோவும் மொபைலோடு போனது. என் வீட்டுக்காரர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். அந்தத் தடவை குருசாமி சரணம் சொல்லச் சொன்னபோது தொண்டை இன்னும் கட்டியிருந்ததால் எல்லாருக்கும் பின்னால் நின்று முணுமுணுத்துவிட்டு வந்தார். அந்தத் தை மாதத்திலிருந்து கோச்சடையில் இருக்கிற நீச்சல் குளத்துக்குப் போகிறார். அங்கே பழகுகிற வாண்டுகள் அவரை அங்கிள் என்கின்றன, அவர் கண்டுகொள்வதில்லை. பௌர்ணமி வந்தால் காலண்டரைப் பார்த்து, "இன்னைக்கு அங்க வெள்ளம் அம்புட்டு வரும்ல" என்பார். அன்றைக்கு அந்த அக்காவுக்கு ஒரு போன் போடாமல் மண்டிக்குக் கிளம்ப மாட்டார்.

போன வருஷம் அதே நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. அதே ஏசி மண்டபம். வளையல் போட ஆரம்பித்ததும் நான் பேசாமல் நின்றேன். பந்தி நடக்கிற பக்கமிருந்து என் வீட்டுக்காரர், மார்க்கெட்டில் கத்துகிற அதே குரலில், "ஏய், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? குலவையப் போடு!" என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. போட்டேன். மூச்சு முட்டும்வரை போட்டு, நிறுத்தி, மூச்சு வாங்கினேன். அந்த இடத்தில் அவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

குலவை என்றால் நீளமாக, விடாமல் போட வேண்டும், நடுவில் மூச்சு வாங்குவது குறை என்றுதான் எங்கள் ஊரில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் குறையை ஒருத்தி கதவில் கை வைத்து நின்று கேட்டதால்தான், என் மகளுக்கு இன்றைக்கு அப்பாவும் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.